ஃபாதரிங்கே கோட்டை: போனால் ஒரு மண்மேடுதான், ஆனாலும் போகலாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோட்டை என்றதும் மதில், கொத்தளம், ஆணி அடித்த பெரிய கதவு என்று மனசுக்குள் ஓடுகிற ஆளாக இருந்தால், இங்கே காரை விட்டு இறங்கிய பத்தாவது நிமிடம் உங்கள் முகம் சுருங்கிவிடும். என் வீட்டுக்காரர் முகம் அப்படித்தான் ஆனது. அவருக்குக் கோட்டை என்றால் செஞ்சி. இங்கே இருப்பது வயலும் ஆறும் ஆட்டு மந்தையும், அவற்றுக்கு நடுவில் புல் மூடிய ஒரு மேடும்தான். ஆற்றோரம் கம்பி வேலிக்குள் ஒரு கல் கட்டி இருக்கிறது. அவ்வளவுதான் கோட்டை.

நாங்கள் இங்கிலாந்தில் பீட்டர்பரோ என்ற ஊரில் இருக்கிறோம். நான் நர்ஸ். இரவு ஷிஃப்ட் மூன்று முடித்துவிட்டு வரும் வார இறுதியில் லண்டன் வரை போய்க் கூட்டத்தில் நிற்க எனக்குத் தெம்பு கிடையாது. அதனால் அரை மணி நேர ஓட்டத்தில் என்ன இருக்கிறது என்று தேடுவது என் பழக்கம். ஃபாதரிங்கே அப்படி அகப்பட்டதுதான். ஏப்ரலில் ஒரு முறை நாங்கள் மூன்று பேர் மட்டும் போனோம். ஜூலையில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு இரண்டாவது முறை போனோம். ஏப்ரலில் எழுதியிருந்தால் இரண்டு நட்சத்திரத்தோடு நிறுத்தியிருப்பேன்.

வழியைச் சொல்லிவிடுகிறேன். பீட்டர்பரோவிலிருந்து மேற்கே, ஆண்டில் ஊருக்குப் போகிற பாதையில் போய், பெரிய சாலையை விட்டுச் சின்னச் சாலைக்குள் திரும்ப வேண்டும். எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்கி நிற்கத் தெரிந்திருக்க வேண்டும். நீன் ஆற்றின் மேலே பழைய கல்பாலம் ஒன்று, ரொம்பக் குறுகலானது. அதைத் தாண்டினால் கிராமம். ஒரே தெரு, இருபுறமும் மஞ்சள் பூத்த கல் வீடுகள், ஒன்றிரண்டுக்குக் கூரை வேய்ந்திருக்கிறது. பேருந்தை நம்பிக் கிளம்பாதீர்கள். கோட்டைக்கென்று தனி பார்க்கிங் கிடையாது, தெருவோரம் யார் வீட்டு வாசலையும் மறைக்காமல் விடவேண்டியதுதான். அங்கிருந்து பண்ணைக்குப் போகிற வண்டிப்பாதை வழியாக நடந்தால் வந்துவிடும். டிக்கெட் கிடையாது, கவுண்டர் கிடையாது, கையில் கட்டுகிற பட்டை கிடையாது. கழிப்பறையும் கிடையாது, இதைக் குழந்தை வைத்திருப்பவர்கள் இரண்டு முறை படியுங்கள்.

ஏப்ரலில் நான் செய்த தப்பு காலணி. ஓட்டப்பயிற்சிக்குப் போடுகிற வெள்ளை ஷூவோடு போனேன். மழை பெய்து இரண்டு நாள் ஆகியிருந்தது, புல் பார்க்கக் காய்ந்த மாதிரித்தான் இருந்தது. கால் வைத்தால் உள்ளே களி. மகனுடைய ஒரு ஷூ அப்படியே மாட்டிக்கொண்டு வெறும் சாக்ஸோடு கால் மட்டும் வெளியே வந்தது. அவனுக்கு ஐந்து வயது. மேட்டைப் பார்த்து "கோட்டை எங்கே?" என்று கேட்டான். "இதுதான்" என்றேன். "இது மலை" என்றான். "மலை இல்லை, ஆட்கள் கட்டினது." "அப்போ கோட்டை எங்கே?" இப்படியே இரண்டு சுற்றுப் போனது. பத்தே நிமிடத்தில் திரும்பிவிட்டோம். வரும்போது என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சொல்லாமல் இருந்ததே சொன்ன மாதிரி இருந்தது.

ஜூன் மாதம் அம்மா வந்தார். ஜெயங்கொண்டம் பக்கத்துக் கிராமம். ஆறு மாத விசாவில் பேரனைப் பார்க்க வந்தவரை, வந்த இரண்டாவது வாரமே ஒரு பெரிய கோட்டைக்குக் கூட்டிப் போனோம். பெயர் வேண்டாம். நுழைவுச் சீட்டுக்கு நான் கொடுத்த பணத்தை அம்மா ரூபாயில் பெருக்கிப் பார்த்த நிமிடத்திலிருந்து அங்கே எதுவும் அவர் கண்ணில் படவில்லை. கத்திச் சண்டை போட்டுக் காட்டினார்கள், கழுகு பறக்க விட்டார்கள். "இந்தக் காசுக்கு ஒரு ஆடு வாங்கிருக்கலாம்" என்பதுதான் அன்றைக்கு அம்மா கொடுத்த மதிப்புரை. அதனால்தான் அடுத்ததாக இலவச இடம் என்று சொல்லி ஃபாதரிங்கேவுக்குக் கிளம்பினோம். ஊர்ப் பெயரைக் கேட்டதும் "பாதிரி இருக்கிற ஊரா?" என்றார். சிரித்தோம். அப்புறம் பார்த்தால் அதுவும் தப்பில்லை. இந்தச் சின்னக் கிராமத்தில் ஒரு காலத்தில் 12 பாதிரிமாரும் 13 பாடகச் சிறுவர்களும் கொண்ட ஒரு திருச்சபைக் கல்லூரியே இருந்திருக்கிறது.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் நூறு நாள் வேலைக்குப் பத்து வருஷத்துக்கு மேல் போனவர். குளம் தூர்வாருவது, வாய்க்கால் வெட்டுவது, ஏரிக்கரை உயர்த்துவது. மண்வெட்டி, பாண்டு, சும்மாடு என்று வாழ்க்கையில் பாதியை மண்ணோடு கழித்தவர். நானும் என் வீட்டுக்காரரும் பலகையைப் படித்துக்கொண்டிருந்தோம். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. அவர் பலகையை விட்டுவிட்டு மேட்டைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். சேலை நுனியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மகனுடைய பழைய ஸ்வெட்டரைத் தோளில் போட்டுக்கொண்டு. ஒரு சுற்று வந்து என்னிடம் கேட்டார்:

"ஏ புள்ள, இத அளக்குறதுக்கு வுட்டு வச்சாங்களா?"

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். குளம் வெட்டும்போது எவ்வளவு ஆழம் வெட்டினோம் என்று தெரிய வேண்டும். அதற்காக நடுவில் ஒரு இடத்தில் மண்ணைத் தொடாமல் தூண் மாதிரி அப்படியே விட்டு வைப்பார்கள். சுற்றி எல்லாம் வெட்டி இறங்கியிருக்கும், அது மட்டும் தலையில் பழைய புல்லோடு நிற்கும். அதை வைத்து அளந்துதான் கூலி. அம்மா கண்ணுக்கு இந்த மேடு அப்படித் தெரிந்திருக்கிறது. யாரோ ராட்சசர்கள் ஊரையே குளமாக வெட்டிவிட்டு, ஆழம் பார்ப்பதற்கு இதை மட்டும் விட்டுப் போயிருக்கிறார்கள்.

இல்லைம்மா, இது தலைகீழ், சுற்றி வெட்டி எடுத்த மண்ணை நடுவில் கொட்டி உயர்த்தினது என்றேன். 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு நாடு முழுக்க அவசர அவசரமாக இப்படித்தான் கோட்டை கட்டினார்கள். வட்டமாக அகழி வெட்டு, அந்த மண்ணை உள்ளே குவி, மேலே மரத்தால் ஒரு கோபுரம் எழுப்பு, கீழே ஒரு முற்றம் வளைத்து அதற்கும் அகழி, மண்கரை, மரவேலி. மேட்டுக்கு மாட் என்று பெயர், முற்றத்துக்கு பெய்லி. கல்லும் கொத்தனும் தேவையில்லை, மண்ணும் கையும் இருந்தால் போதும். பிடித்த ஊரில் ஒரே பருவத்தில் தலைக்கு மேலே ஏறி உட்கார்ந்துவிடலாம். ஃபாதரிங்கே மேட்டை 1100 வாக்கில் சைமன் டி சென்லிஸ் என்ற நார்மன் பிரபு போட்டதாகச் சொல்கிறார்கள். கல் கட்டடமெல்லாம் பின்னால் வந்தவை.

இதைக் கேட்டதும் அம்மா மேட்டை விட்டுவிட்டு அகழிக்குள் இறங்கிவிட்டார். அகழி இப்போது பாதி தூர்ந்து, நீண்ட பள்ளமாகத்தான் இருக்கிறது, அடியில் ஈரம், நாணல் மாதிரி ஏதோ. அங்கே நின்று மேலே பார்த்தார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். இதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்: வண்டிப்பாதையிலிருந்து பார்த்துவிட்டுப் போகாதீர்கள், பள்ளத்துக்குள் இறங்கி நின்று அண்ணாந்து பாருங்கள். தூரத்தில் இருந்து ஒரு பச்சைக் கொழுக்கட்டை மாதிரி இருந்தது, பள்ளத்துக்குள் நின்றால் தலைக்கு மேலே சரிந்து வருகிற மாதிரி ஆகிவிடுகிறது. மேலே ஒருவன் வில்லோடு நின்றால் நீங்கள் எங்கே போய் ஒளிவீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். மதில் இல்லாமலே அது கோட்டைதான் என்று அங்கே நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

"பள்ளம் பத்தாதே" என்றார் அம்மா. "இவ்ளோ மேட்டுக்கு இவ்ளோ பள்ளமா? தூந்து போயிருக்கும். இதப்போல ரெண்டு பங்கு ஆழம் இருந்திருக்கும்."

சரி, எவ்வளவு மண் என்று கணக்குப் போட்டுவிடுவோம் என்று என் வீட்டுக்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஏப்ரலில் பத்து நிமிடத்தில் திரும்பியவர் இவர்தான். உச்சியில் குறுக்கே நடந்தேன், என் காலடிக்கு 42. அடியில் சுற்றி வந்தேன், 300-க்குக் கொஞ்சம் மேலே. உயரம் இரண்டு மாடி வீடு என்று வைத்துக்கொண்டோம். பத்தாம் வகுப்பில் படித்த கூம்பின் இடைக்கண்டம், இன்றைக்காவது உதவுகிறதே என்று போனைத் தட்டினார். ஏறக்குறைய 14,000 கன மீட்டர் வந்தது. காலடிக் கணக்குத்தான், முன்பின் இருக்கும். எங்கள் ஊர் இறுகின மண்ணில் ஒரு ஆள் ஒரு நாளைக்கு ஒரு கன மீட்டர் வெட்டி, சுமந்து, கரையில் கொட்டினால் அது நல்ல வேலை என்பது அம்மாவின் கைக்கணக்கு. அப்படிப் பார்த்தால் 14,000 ஆள்-நாள். அம்மா உடனே சொன்னார்:

"நூறு பேரு, நூறு நாளு வேல செஞ்சாலும் முடியாது மாப்ள."

"ஆமா அத்தை, இன்னும் நாற்பது நாள் சேர்த்துக் கேட்கணும்" என்றார் அவர்.

"கீழ வெட்டுறது சுலபம். மேல போகப் போகத்தான் சீவன் போயிரும். சுமக்குறவ ஏறணும்ல."

வேலையில் பாதி தூக்கிக்கொண்டு ஏறுவது என்பது எங்கள் கணக்கில் வரவே இல்லை. நான் வெறுங்கையோடு மேலே ஏறினேன், அதற்கே மூச்சு வாங்கியது. சரிவு நல்ல செங்குத்து. முழங்கால் வலி உள்ளவர்கள் நேராக ஏற வேண்டாம். ஆட்கள் ஏறி ஏறித் தடம் விழுந்த பக்கமாகப் பக்கவாட்டில் ஏறுங்கள். மழை பெய்திருந்தால் இறங்கும்போதுதான் ஆபத்து. என் மகன் உருண்டே இறங்கினான், மூன்று முறை. தள்ளுவண்டியை மேலே கொண்டுபோக முடியாது, கீழே பண்ணைப் பாதையிலேயே சிரமம்.

உச்சிக்குப் போனால் தட்டையான ஒரு புல்தளம். மேற்கே மாதா கோயிலின் எண்கோணக் கோபுரம், தெற்கே நீன் ஆறு வளைந்து வளைந்து போகிறது, சுற்றி வயல். மழைக்காலத்தில் அந்தத் தாழ்வு நிலம் முழுக்கத் தண்ணீர் நிற்கும் என்று பார்த்தாலே தெரிகிறது. மேட்டுக்கு அடியில் சதுரமாக ஒரு முற்றம், அதில் மடிப்பு மடிப்பாகப் புல் மூடிய திட்டுகள். அந்த முற்றத்தில்தான் பெரிய கூடம் இருந்தது. அங்கேதான் 1587 பிப்ரவரி 8 காலையில் ஸ்காட்லாந்து ராணி மேரியின் தலையை வெட்டினார்கள்.

கதையை அம்மாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. மகன் காதில் விழாமல் சொன்னேன். மேரி ஸ்காட்லாந்தில் பதவி இழந்து, அடைக்கலம் தேடி 1568-ல் இங்கிலாந்துக்கு ஓடி வந்தவர். அப்போது இங்கிலாந்தை ஆண்ட முதலாம் எலிசபெத் ராணி உதவுவார் என்று நம்பி வந்தவரை, மாளிகை மாற்றி மாளிகை அடைத்தே வைத்தார்கள், கிட்டத்தட்ட 19 வருஷம். கடைசியில் எலிசபெத்தைக் கொல்லச் சதி செய்ததாகச் சொல்லி 1586 செப்டம்பரில் இங்கே கொண்டு வந்தார்கள். அக்டோபரில் விசாரணை, பிப்ரவரியில் தண்டனை. மேரிக்கு 44 வயது. இரண்டு ராணிகளும் ஒரு தடவைகூட நேரில் பார்த்துக்கொண்டதில்லை.

"ரெண்டு பேரும் என்ன ஒறவு?" என்றார் அம்மா. எங்கள் ஊரில் எந்தக் கதையும் இதைத் தெரிந்துகொள்ளாமல் நகராது.

எல்லோரும் 'கசின்' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள், அது அம்மாவிடம் செல்லாது. விரல் விட்டு எண்ணினோம். எலிசபெத்தின் அப்பா எட்டாம் ஹென்றி. ஹென்றியின் அக்கா மார்கரெட், அதாவது எலிசபெத்துக்கு அத்தை. அந்த அத்தையின் மகன் ஐந்தாம் ஜேம்ஸ். அவருடைய மகள் மேரி.

அம்மா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "அத்த மவன்னா எலிசபெத்துக்குக் கட்டிக்கிற மொற. அவன் பெத்த புள்ளன்னா மவ மொறயால்ல ஆவுது!" என்றார். "மவளயா வெட்டுனா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் கதையை எத்தனையோ முறை படித்திருக்கிறேன், வாரிசுரிமை, மதம், சதி என்று ஆயிரம் காரணம் தெரியும். மகள் முறை என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வெள்ளைக்காரர்களுக்கு அந்த முறையெல்லாம் கிடையாதும்மா என்றேன். "அவங்களுக்கு இல்லாட்டி என்ன" என்று சொல்லிவிட்டு முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டு ஒரே வீச்சில் விழவில்லை என்பதை நான் சொல்லவில்லை. மேரியின் பாவாடைக்குள் ஒளிந்திருந்த குட்டி நாய், எல்லாம் முடிந்த பிறகு வெளியே வந்ததைச் சொன்னேன். நாயை என்ன செய்தார்கள் என்று கேட்டார். ரத்தம் பட்டிருந்ததால் கழுவினார்கள் என்று அப்போது பார்த்தவர் எழுதி வைத்திருக்கிறார்.

"அந்தப் பொண்ணுக்குப் புள்ள குட்டி இல்லியா? அது ஒண்ணும் கேக்கலியா?"

மகன் இருந்தான், ஸ்காட்லாந்து அரசன் ஜேம்ஸ். எலிசபெத்துக்குப் பிள்ளை இல்லாததால் 1603-ல் இங்கிலாந்துக்கும் அவனே ராஜா ஆனான். அம்மாவைக் கொன்ற இடம் என்று ஆத்திரத்தில் அவன்தான் இந்தக் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினான் என்று ஒரு கதை நெடுநாளாக உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 1625-ல் ஜேம்ஸ் செத்துப் போனபோதும் கோட்டை நின்றுகொண்டுதான் இருந்தது. பராமரிப்பு இல்லாமல் பாழாகி, அதற்குப் பிறகுதான் பிரித்து விற்றார்கள். நல்ல செதுக்கு கல், பக்கத்தில் ஆறு, படகில் ஏற்றினால் போயிற்று. ஆண்டிலில் இருக்கிற ஒரு பழைய விடுதியின் மரப்படிக்கட்டு இங்கிருந்து போனது, மேரி கடைசியாக இறங்கி வந்த படிக்கட்டே அதுதான் என்றும் சொல்கிறார்கள். அதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

அம்மாவுக்குக் கல் போனது ஆச்சரியமாகவே இல்லை. கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர் அவர். கோயிலின் சுற்றுமதில் கல்லைப் பெயர்த்துக் கொண்டுபோய்த்தான் 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டினார்கள். மாளிகைமேட்டில் ராஜேந்திர சோழனின் அரண்மனை இருந்த இடத்திலும் இன்றைக்குச் செங்கல் அடித்தளம்தான் மிச்சம். "கல்லு கெடச்சா வுடுவாங்களா. மண்ணத்தான் ஒருத்தனும் தூக்கிட்டுப் போவ மாட்டான்" என்றார். ஃபாதரிங்கேயில் நடந்தது அதேதான். கல் எல்லாம் போய்விட்டது, முதலில் கொட்டின மண் மட்டும் இருக்கிறது.

இப்போது அந்தக் கல் கட்டி. ஆற்றோரமாக இரும்புக் கம்பி வேலிக்குள் வைத்திருக்கிறார்கள். சுண்ணாம்பும் கல்லும் கலந்த ஒரு முரட்டுக் கட்டி, கோட்டையில் மிச்சமான கட்டுமானம் கண்ணுக்குத் தெரிய அது ஒன்றுதான். கம்பியில் இரண்டு பலகைகள். ஒன்று மேரிக்கு, இன்னொன்று இங்கிலாந்தை ஆண்ட ராஜா மூன்றாம் ரிச்சர்டுக்கு. அவர் பிறந்ததும் இதே கோட்டையில்தான், 1452 அக்டோபர் 2. யார்க் பிரபுக்களின் குடும்பக் கோட்டையாக இது இருந்த காலம் அது. நாங்கள் போன அன்று கம்பியில் யாரோ ஒரு வெள்ளை ரோஜாவைச் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். யார்க் வம்சத்தின் சின்னம் அது. அம்மா பார்த்தார்: வேலி, நடுவில் கல், பூ. செருப்பைக் கழற்றிவிட்டார். "சாமி இல்லம்மா" என்று சொல்வதற்குள் கும்பிட்டும் முடித்துவிட்டார். பக்கத்தில் நாயோடு வந்திருந்த ஒரு பெரியவர் அதைப் பார்த்துவிட்டுத் தன் தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். நான் ஒன்றும் விளக்கப் போகவில்லை.

ரிச்சர்டு 1485-ல் போர்க்களத்தில் செத்தவர். எலும்பு 2012-ல் லெஸ்டரில் ஒரு கார் பார்க்கிங்குக்கு அடியில் கிடைத்தது, 2015-ல் அங்கேயே பெரிய கோயிலில் அடக்கம் செய்தார்கள். "பிறந்த இடத்தில் பார்க்கிங் இல்லை, செத்த பிறகு பார்க்கிங்கில்தான் இருந்திருக்கிறார்" என்று என் வீட்டுக்காரர் சொன்னது அன்றைக்கு அவர் அடித்த ஒரே நல்ல ஜோக், அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஜூலையில் போனால் சரிவு முழுக்க ஊதாப் பூவோடு முள்செடி நிற்கும். திஸில். ஸ்காட்லாந்தின் சின்னம். மேரி இங்கே சிறையில் இருந்தபோது நட்டது என்று ஒரு கதை, 'மேரி ராணியின் கண்ணீர்' என்று உள்ளூரில் பெயர். அம்மா ஒரு இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிரம்மதண்டு மாரி இருக்கு, பூதான் வேற. இத யாரு நடுவா? தானா மொளக்கிற கள" என்றார். இங்கிலாந்து முழுக்க மேய்ச்சல் நிலத்தில் இது தானாக முளைக்கிறது என்பதுதான் உண்மை. ஆனால் கால்சட்டை இல்லாமல் குழந்தைகளை விடாதீர்கள், மகன் நாலாவது முறை உருள ஆசைப்பட்டு நடுவழியில் அலறினான்.

சாப்பாடு நீங்களே கொண்டுபோங்கள். கிராமத்தில் ஒரு பப் இருக்கிறது, நாங்கள் போகவில்லை. புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போய் ஆற்றோரம் உட்கார்ந்து சாப்பிட்டோம். உட்காரும் இடத்தில் ஆட்டுப் புழுக்கை பார்த்து உட்காருங்கள். மேட்டு உச்சியில் உட்கார நினைத்தோம், காற்று தட்டையே தூக்கிக்கொண்டு போகிறது. ஜூலையிலும் மேலே ஒரு ஸ்வெட்டர் வேண்டும்.

திரும்பும்போது மாதா கோயிலுக்குள் தவறாமல் போங்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ ஒரு குறை தெரியும். நல்ல உயரம், நல்ல ஜன்னல்கள், ஆனால் கிழக்குப் பக்கம் சட்டென்று வெறும் சுவராக முடிந்துவிடும். "பாதி கட்டி நிறுத்திட்டாங்களா?" என்று அம்மா கேட்டார். கட்டி முடித்து, பிறகு பாதியை இழந்த கோயில் அது. திருச்சபைக் கல்லூரிகளை மூடிய காலத்தில் பாதிரிமார் இருந்து பாடின கிழக்குப் பாதி போய்விட்டது. அங்கே புதைத்திருந்த யார்க் பிரபுக்களின் கல்லறைகள் திறந்த வெளியில் கிடந்தன. அதைப் பார்த்து மனசு கேட்காமல் 1573-ல் புதுக் கல்லறை கட்ட வைத்தது யார் தெரியுமா? அதே எலிசபெத். அதில் ஒருவர் எலிசபெத்தின் பாட்டிக்குத் தாத்தா. அவருடைய ரத்தம்தான் மேரி உடம்பிலும். 14 வருஷம் கழித்து அந்தக் கல்லறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் மேரியை வெட்டினார்கள். இதை அம்மாவிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னேன். "செத்தவங்கள நல்லாத்தான் பாத்துருக்கா" என்றார்.

மேரியின் உடலை முதலில் புதைத்தது எங்கள் பீட்டர்பரோ கதீட்ரலில்தான். ஜேம்ஸ் ராஜா ஆன பிறகு 1612-ல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டருக்கு எடுத்துக்கொண்டு போனார். கதை முழுசாக வேண்டும் என்பவர்கள் காலையில் ஃபாதரிங்கே, மாலையில் கதீட்ரல் என்று ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

ஒன்று விட்டுப் போயிற்று. கிளம்புவதற்கு முன்னால் அம்மா மறுபடியும் மேட்டில் ஏறி, ஊரில் கூட வேலை செய்கிற அத்தைக்கு வீடியோ கால் போட்டார். சிக்னல் மேலே மட்டும்தான் கிடைக்கிறது. ஊரில் அப்போது இருட்டிவிட்டிருந்தது. போனைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். "என்னா அக்கா, வெறும் புல்லாத்தான் தெரியுது" என்றார் அந்த அத்தை. அம்மா மண் கணக்கை ஆரம்பத்திலிருந்து சொன்னார், 14,000 ஆள்-நாள், பள்ளம், சுமை, ஏற்றம் எல்லாம். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேள்வி வந்தது: "கூலி எவ்ளோவாம்?"

பலகையில் அது போடவில்லை.

நட்சத்திரத்துக்கு வருவோம். நான் நாலு கொடுக்கிறேன். கழிப்பறை இல்லாததற்கும் என் வெள்ளை ஷூவுக்கும் சேர்த்து ஒன்று குறைத்தேன், ஷூ கோட்டையின் தப்பு இல்லை என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவருடையது மூன்றரை, செஞ்சியை இன்னும் மறக்கவில்லை. மகன் ஐந்து, உருண்டதற்கு. அம்மா முதலில் ஐந்து என்றார். கார் ஏறப் போகும்போது திரும்பிப் பார்த்தவர், ஒரு பக்கம் ஆடு ஏறி ஏறிப் புல் பெயர்ந்து மண் சரிந்திருந்த இடத்தைக் காட்டி, "மழைக்கு முன்னாடி அந்த எடத்துல ரெண்டு கூட மண்ணு அணைக்கணும், யாருகிட்டயாச்சும் சொல்லு" என்று அரையைக் குறைத்துக்கொண்டார்.